பெருங்கோப்பெண்டின் நெஞ்சும் அடுப்படிப் புகையும்

பூதப்பாண்டி என்றதும் வெளியூர் அன்பர்களுக்குத் தோழர் ஜீவா நினைவுக்கு வருவார். தமிழ் படித்தவர்களுக்கோ இன்னொரு பெயரும் கூடவே வரும்: ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். அம்மன்னனோடு இவ்வூரைச் சேர்த்துப் பேசுவோர் உண்டு. கோயில் கொண்டுள்ள பூதலிங்கசுவாமியின் பெயரோடு சேர்ப்போரும் உண்டு. ஒல்லையூர் புதுக்கோட்டைப் பக்கத்தது ஆகையால் நாம் இந்த வழக்குக்குள் நுழையவில்லை. பெயரொற்றுமையைச் சாக்காக வைத்துக்கொண்டு அம்மன்னனின் தேவியிடம் செல்வதே நம் நோக்கம்.

பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியதாக வரும் புறநானூற்று 246ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒன்று நம்மை உறுத்துவதுண்டு. கணவனின் ஈமத்தீயில் புக நிற்பவள், தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் பேசும் பாட்டு அது. காதலைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை; சோற்றைப் பற்றிப் பேசுகிறாள். நெய் சேராத நீர்ச்சோறு, எள் துவையல், வேளைக்கீரை, பரற்கல் மேல் பாயுமில்லாத படுக்கை என்று கைம்பெண்ணுக்கு விதித்த வாழ்வை ஒவ்வொன்றாக எண்ணி, அதைவிடத் தீ குளிர்ந்தது என்கிறாள். உடம்பைப் பற்றிய பேச்சு இது. ஆனால் உரைகாரரும் நாமும் இதைக் கற்பின் பாட்டாகவே படித்து வந்தோம். துறை ஆனந்தப்பையுள் என்று எழுதிக் காட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம்.

சிலம்பில் இன்னொரு தேவி. தன் தீர்ப்புத் தவறு என்று கண்ட கணத்தில் பாண்டியன் அரியணையிலிருந்து வீழ்கிறான். கோப்பெருந்தேவியும் நிலைகுலைந்து அவனடியில் வீழ்கிறாள். அவளுக்குத் தீ வேண்டியிருக்கவில்லை, கத்தியும் வேண்டியிருக்கவில்லை. நின்றது நெஞ்சுதான். பின்னர்க் காட்சிக்காதையில் செங்குட்டுவன் தன் தேவியிடம், கணவனோடு அப்போதே உயிர்விட்டவள், சினத்தோடு சேரநாட்டுக்கு வந்தவள் ஆகிய இருவரில் யார் வியத்தற்குரியவள் என்று கேட்பதும் அன்பர்கள் அறிந்ததே. கணவனோடு மனைவியும் முடிந்துபோவதற்கு மூதானந்தம் என்று தொல்காப்பியமே பெயர் வைத்திருக்கிறது.

ஆக, பெண்ணின் நெஞ்சு நின்றுபோகும் என்பதைத் தமிழ் மரபு நன்றாகவே அறிந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: அது கணவன் பொருட்டு நிற்க வேண்டும். தன் பொருட்டாக, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நெல் அவித்துக்கொண்டிருக்கையில் நின்றுபோகும் நெஞ்சுக்குத் திணையும் இல்லை, துறையும் இல்லை. அது "வாயு".

சொற்களையே பாருங்கள். நெஞ்சு என்பது நமக்கு உறுப்பும் எண்ணமும் சேர்ந்த ஒன்று. சித்த மருத்துவர்கள் உறுப்பைத் தனியே குறிக்கத் தமரகம் என்றனர். மாரடைப்பு என்ற சொல்லில் ஒரு காட்சி ஒளிந்திருக்கிறது: மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்பவர். அந்தச் சாய்பவரைக் கண்ணுக்குள் கொண்டுவரச் சொன்னால் பத்துக்கு ஒன்பது பேர் ஓர் ஆணையே கொண்டுவருவார்கள், திரைப்படங்களின் புண்ணியத்தால். பெண்களுக்கும் மார்புவலிதான் முதன்மைக் குறி. அதை மறந்துவிடக் கூடாது. எனினும் அவர்களிடம் அதனோடு மூச்சுமுட்டல், முதுகிலும் தாடையிலும் வலி, குமட்டல், காரணமற்ற களைப்பு ஆகியவை சேர்ந்து வருவது ஆண்களைவிட அதிகம். களைப்பு என்று சொன்ன எந்தப் பெண்ணை நம் வீடுகளில் யார் மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள்? சுக்குக் கஷாயமும் ஓமத்திரவமும் இருக்கவே இருந்தன.

இது நம்மவர் குறை மட்டுமன்று. மேலை மருத்துவத்தின் கதை இன்னும் வினோதமானது.

1768இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நடக்கையில் மார்பைப் பிடித்து நிறுத்தும் ஒரு நோயை விவரித்து, ஆஞ்சைனா என்று பெயரிட்டார். அத்தகைய நோயாளிகள் ஏறத்தாழ நூறு பேரைத் தாம் கண்டதாகவும், அவர்களுள் மூவர் பெண்கள், ஒருவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன் என்றும் பின்னர் எழுதினார். அவரைத் தேடி வந்தவர் யார், வராதவர் யார் என்ற கேள்வி அப்போது எழவில்லை. மூன்று என்ற அந்த எண் அடுத்த இரு நூற்றாண்டுகளுக்கு நின்றது.

ஆனால் அரை நூற்றாண்டு கழித்து, 1816இல், பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் லேனெக் என்பாரிடம் இதயநோய்க் குறிகளோடு வந்தவர் ஓர் இளம்பெண். மார்பில் காதை வைத்துக் கேட்பது அக்கால வழக்கம். நோயாளியின் வயதும் பாலும் அதைத் தடுத்தன. உடல் பருமனால் தட்டிப் பார்த்தும் பயனில்லை. லேனெக் ஒரு கட்டுத் தாளை இறுகச் சுருட்டி ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். வெறுங்காதைவிடத் தெளிவாக இதயம் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்தது இப்படித்தான். மருத்துவர் கழுத்தில் தொங்கும் அக்கருவியே ஒரு பெண்ணின் நோயுற்ற இதயத்தைக் கேட்கப் பிறந்தது! அவள் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

இதய வால்வு அறுவையின் வரலாறும் அப்படியே. தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் சில பிள்ளைகளின் இதய வால்வுகளைத் தாக்கிவிட்டுப் போகும். பிறகு பல ஆண்டுகளில் மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்கி, இரத்தம் நுரையீரலிலேயே தேங்கும். இச்சுருக்கம் பெண்களிடமே அதிகம். 1923இல் பாஸ்டனில் எலியட் கட்லர் முதன்முதலாக வெற்றிகரமாகக் கத்தியைச் செலுத்தியது பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வால்வில். 1925இல் இலண்டனில் ஹென்றி சவுட்டர் விரலை உள்ளே விட்டு வால்வைத் தொட்டதும் ஓர் இளம்பெண்ணின் இதயத்தில். அவள் பிழைத்தாள், ஆயினும் அதன்பின் ஒரு நோயாளியைக்கூட அவரிடம் மற்ற மருத்துவர்கள் அனுப்பவில்லை. 1948இல் சார்லஸ் பெய்லி பிலடெல்பியாவில் அந்த வழியை மீண்டும் திறந்தபோது மேசையில் கிடந்தவர் இருபத்து நான்கு வயதான ஓர் இல்லத்தரசி. இதயத்துக்குள் கைவைக்கப் பெண்ணுடல் வேண்டியிருந்தது; இதயநோயாளி என்ற படத்தில் மட்டும் அவளுக்கு இடமில்லை.

இவ்வால்வு நோய் நம் பக்கத்துக் குடும்பங்களில் எத்தனை மரணங்களுக்குக் காரணம் என்று எண்ணிப் பார்க்கலாம். கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்த அளவு நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடும். அதுவரை வெளித்தெரியாதிருந்த சுருங்கிய வால்வு அந்தப் பெருக்கைத் தாங்காது. மூச்சுமுட்டி, இருமி, நுரை தள்ளி இறந்தவர்களை "பேறுகாலத்தில் போய்விட்டாள்" என்றே நம் குடும்பங்கள் நினைவு வைத்திருக்கின்றன. கருப்பையின் கணக்கில் எழுதப்பட்ட இதயத்தின் கடன்கள் அவை.

குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1இல். எல்லை மாறினாலும் நோயாளிகளின் கால்கள் திருவனந்தபுரத்தையே நாடின. 1976இல் அங்கே ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ மையம் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவு. இறக்குமதி வால்வின் விலை எளியவர்க்கு எட்டாதிருந்ததால், எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பொறியாளர்களும் மருத்துவர்களும் சாயும் தட்டுள்ள செயற்கை வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தனர். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சித்ரா வால்வு என்ற பெயரில் பின்னர் பல்லாயிரவர் நெஞ்சில் அது துடித்தது. வலியத்தான் 2024இல் மறைந்தார். இந்தக் கதையைத் தனிக் கட்டுரையாக யாரேனும் எழுத வேண்டும்.

மீண்டும் மாரடைப்புக்கு வருவோம். 1948இல் அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் என்ற சிற்றூரில் தொடங்கிய நெடுங்கால ஆய்வில் 5,209 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பாதிக்கு மேல் பெண்கள். அந்த வகையில் அது நேர்மையான தொடக்கம். ஆனால் அதன் ஆரம்பகால முடிவுகளைப் படித்தவர்கள், பெண்ணின் நெஞ்சுவலி பெரும்பாலும் தீங்கற்றது என்றே எடுத்துக்கொண்டனர். 1964இல் ஆரெகன் மாநிலத்தில் அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்கெனத் தன் முதல் இதயநோய் மாநாட்டை நடத்தியது. தலைப்பு என்ன தெரியுமோ? "இதயங்களும் கணவர்களும்". கணவனின் இதயத்தை மனைவி எப்படிப் பேண வேண்டும் என்பதே பொருள். கணவனின் நெஞ்சுக்குக் காவலாக மட்டுமே பெண்ணைப் பார்க்கும் கண், செங்குட்டுவன் அவையிலிருந்து பசிபிக் கரை வரை ஒன்றாகவே இருந்திருக்கிறது.

பின்னர் வந்த பெரும் ஆய்வுகளில் பெண்களே இல்லாமற் போயினர். 1970களில் இடர்க்காரணிகளைக் குறைத்துப் பார்த்த ஆய்வில் 12,866 பேர், அனைவரும் ஆண்கள். 1980களில் ஆஸ்பிரின் மாத்திரை மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்த்த ஆய்வில் 22,071 மருத்துவர்கள், அனைவரும் ஆண்கள். அதே கேள்வியைப் பின்னர் ஏறத்தாழ நாற்பதாயிரம் பெண்களிடம் கேட்டு 2005இல் விடை வந்தபோது அது வேறாக இருந்தது: ஆஸ்பிரின் பெண்களிடம் பக்கவாதத்தைச் சற்றுக் குறைத்தது, முதல் மாரடைப்பை மொத்தத்தில் குறைக்கவில்லை.

1991இல் பெர்னடீன் ஹீலி என்ற இதயநோய் மருத்துவர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். அதை அவர் இலக்கியத்திலிருந்து எடுத்தது நம்மைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சி. ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் யென்டல் என்ற கதையில், மறைநூல் கற்க விரும்பும் யூதப் பெண் ஆண்வேடம் பூணுகிறாள். பெண்ணின் இதயநோயும் ஆணின் நோய்போல வேடமிட்டு வந்தால்தான் மருத்துவம் அதை மதிக்கிறது என்ற பொருளில் அவர் அதனை யென்டல் நோய்த்தொகுதி என்றார். அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநராகி, பெண்களுக்கான பேராய்வைத் தொடங்கி வைத்தார்.

இத்தனைக்கும் முப்பது நாற்பது ஆண்டுகள் முன்பே, தில்லியில், பெண்ணின் இதயத்தைப் பெண்ணின் இதயமாகவே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தோம்.

எஸ். பத்மாவதி 1917இல் பர்மாவில், வழக்கறிஞர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். இரங்கூன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். ஜப்பானியப் படையெடுப்பின்போது தாயோடும் சகோதரிகளோடும் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். குடும்பத்து ஆண்கள் போர் முடியும்வரை பர்மாவில் சிக்கிக்கொண்டனர். பின் இலண்டன், எடின்பரோ. அங்கிருந்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெலன் டௌசிக்கிடம் பயிற்சி. நீலக்குழந்தைகளைக் காத்த அறுவையின் கருத்தை அளித்தவர் டௌசிக். அவருக்குக் காது கேட்காமற் போனதால், ஸ்டெதாஸ்கோப்பை நம்பாது விரல்களாலேயே குழந்தைகளின் நெஞ்சைப் படித்தவர். அதன்பின் ஹார்வர்டில் பால் டட்லி ஒயிட்டிடம். 1953இல் பத்மாவதி இந்தியா திரும்பியபோது நலவாழ்வு அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் அவரைத் தில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரிக்கு அழைத்தார். அது பெண்களுக்கான கல்லூரி. அதன் மருத்துவமனைக்கு வந்தோரும் பெண்களும் குழந்தைகளும். 1954இல் அங்கு இதயநோய்ப் பிரிவைத் தொடங்கினார்.

இங்குதான் இடத்தின் சிறப்பு. ஹெபர்டனிடம் பெண்கள் வரவில்லை. பத்மாவதியிடம் பெண்களே வந்தனர். அவர்களுள் பலருக்குக் கால் வீங்கியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. இதயத்தின் வலது கீழறை பெருத்துத் தளர்ந்திருந்தது. நுரையீரல் கெட்டு, அதனுள் இரத்தத்தைத் தள்ளமுடியாமல் இதயம் களைத்துப்போகும் நோய் இது. மருத்துவர்கள் கார் பல்மனேல் என்பர். புகைபிடிக்கும் ஆண்களின் முதுமை நோய் என்றே பாடநூல்களில் பெரிதும் அறியப்பட்டது. பீடியைத் தொட்டிராத பெண்களுக்கு இது எப்படி வந்தது?

127 நோயாளிகளைப் பற்றி அவரும் உடன் பணியாற்றியவரும் எழுதிய கட்டுரை 1959இல் வெளிவந்தது. இந்நோயில் ஆண் பெண் வேறுபாடு குறித்து அவர் குழு 1976இல் மீண்டும் எழுதியது. தில்லியில் இந்நோய் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. ஆண்களில் முக்கால்வாசிப் பேர் புகைபிடிப்போர். பெண்களில் பத்தில் ஒருவரே. அதைவிட முக்கியம், பெண்களை இந்நோய் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே பிடித்தது. கைகாட்டப்பட்ட காரணம் அடுப்பு. விறகும் வறட்டியும் எரியும் அடுப்படியில், பதினைந்து வயதிலிருந்தே குனிந்து ஊதும் சிறுமியின் நுரையீரலில் தொடங்குகிறது அது.

இதைப் படித்தபோது தில்லி மறைந்து நாஞ்சில்நாட்டு அடுக்களைகளே நம் கண்முன் வந்தன. பழையாற்றுப் பாசனத்தில் இரு பூ விளைந்த மண் இது. அறுவடை முடிந்தால் நெல் அவிப்பு. விடியுமுன்னே பெரிய செம்புகளில் நெல்லை ஏற்றி, தென்னை ஓலையும் மட்டையும் கதம்பையும் சிரட்டையும் திணித்து எரிப்பார்கள். கதம்பை எளிதில் தீப்பிடிக்காது. கரிந்து கனன்று புகையும். ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமல் ஊத வேண்டும். ஊதும்போது வெளிவிட்ட மூச்சுக்கு ஈடாக உள்ளிழுப்பது அந்தப் புகையைத்தான். மழைக்காலமானால் ஈர ஓலை. சன்னலற்ற அடுக்களையின் ஓட்டுக்கடியில் கரி படலமாகத் தொங்கும். அந்தக் கரியைப் பார்த்தவர்கள் உள்ளே என்ன படிந்திருக்கும் என்று கேட்கவில்லை. நம் ஆச்சிமார் ஐம்பது வயதில் இளைத்ததையும், மாலையானால் கால் பாதத்தில் நீர் கோத்ததையும் வயதின் கணக்கில் எழுதினோம்.

விறகுப் புகையின் நுண்துகள் நுரையீரலோடு நிற்பதில்லை என்பது பின்னர் தெளிவானது. இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்கி, இரத்த அழுத்தத்தைக் கூட்டி, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது வழிவகுக்கும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் தமிழகக் கிராமத்து அடுக்களைகளுக்குள் கருவிகளைக் கொண்டுபோய்க் காற்றை அளந்தனர். வீட்டில் மிகுதியான புகையை உட்கொள்பவர் சமைப்பவரே என்பதை எண்களால் நிறுவினர். சமைத்த எவருக்கும் தெரிந்ததுதான்; ஆனால் எண்ணாக எழுதிய பிறகே அரசுகள் கேட்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்வோம். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பிந்தி வருவதைக் கண்டது; தெற்காசியரை மற்றவரினும் முந்திப் பிடிப்பதையும் கண்டது. சர்க்கரை நோய் ஆணின் இதயத்தைவிடப் பெண்ணின் இதயத்துக்கு மிகுதியாகக் கேடு செய்கிறது. கருவுற்ற காலத்தில் இரத்தக்கொதிப்பும் வலிப்பின் முன்குறிகளும் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. பிள்ளை பிறந்ததும் மறந்துவிடும் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைப்பவர் எத்தனை பேர்?

இன்னொன்று, கோப்பெருந்தேவியின் பொருட்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர் சாத்தோவும் குழுவினரும் ஒரு நோயை விவரித்தனர். பேரதிர்ச்சிக்குப் பின், இரத்தக் குழாயில் அடைப்பேதும் இல்லாமலே, இதயத்தின் நுனி பலூனாக உப்பிச் செயலிழக்கும். படத்தில் அது ஆக்டோபஸ் பிடிக்க ஜப்பானியர் கடலில் இறக்கும் பானைபோல் தெரிந்ததால் அப்பானையின் பெயரையே, டகோட்சுபோ என, வைத்தனர். இந்நோய்க்கு ஆளாவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். காப்பியத் தேவிக்கு நாம் மருத்துவச் சீட்டு எழுத முற்படவில்லை, அது சிறுபிள்ளைத்தனம். தவிர, இந்நோயுற்றவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். மூதானந்தம் என்று பாடி முடித்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் செய்தி.

பத்மாவதி 1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையையும், 1981இல் தேசிய இதய நிறுவனத்தையும் தில்லியில் நிறுவினார். தொண்ணூறு வயதைக் கடந்தும் நோயாளிகளைப் பார்த்துவந்தார். 2020 ஆகஸ்டு 29இல், தம் 103ஆம் வயதில், கோவிட் தொற்றுக்கு ஆளாகி மறைந்தார். தமிழ் இதழ்களில் அவரைப் பற்றி நாம் கண்டது சில பத்திகளே.

2006க்குப் பின் தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்புகளும், 2016இல் நடுவணரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் நம் அடுக்களைகளின் ஓட்டைச் சற்று வெளுக்க வைத்தன. நெல் அவிப்பு ஆலைகளுக்குப் போய்விட்டது. ஆயினும் வெந்நீருக்குப் பின்கட்டில் ஓலையடுப்பு எரியும் வீடுகள் நம் தெருக்களில் உண்டு. எரிவாயு உருளை அடிக்கடி வாங்கக் கட்டுபடியாகாதவர்கள் வேறென்ன செய்வார்கள்? அறுபது எழுபது வயதைக் கடந்தவர்களின் நெஞ்சிலோ பழைய புகை இருந்துகொண்டே இருக்கிறது. மருத்துவமனையில் அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி, "புகைபிடிப்பீர்களா?" என்பது. இல்லை என்றதும் கட்டத்தில் ஒரு கோடு விழுகிறது.

கேட்க வேண்டிய கேள்விக்கு ஆய்வாளர்கள் எளிய கணக்கொன்று வைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் விறகடுப்பின்முன் இருந்தார், எத்தனை ஆண்டுகள் இருந்தார், இரண்டையும் பெருக்கு. மைசூரு வட்டாரத்துக் கிராமப் பெண்களிடையே நடந்த ஆய்வில், பெருக்கற்பலன் அறுபதை எட்டினாலே நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி கணிசமாகக் கூடத் தொடங்கியது. பதினாறு வயதில் மணமாகி வந்து, ஐம்பத்தாறு வயதில் மகன் எரிவாயு வாங்கித்தரும்வரை நாளும் ஐந்து மணி நேரம் அடுப்பின்முன் இருந்த நாஞ்சில்நாட்டு ஆச்சி ஒருத்திக்கு அது இருநூறு.